357 பைட்டிலிருந்து பொட்டிபுரம் வரை: ஒரு கம்பைலரின் பயணம்

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தின் அம்பரப்பர் மலைக்குள் 50,000 டன் இரும்பை அடுக்கி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைக் கவனிப்பது இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் திட்டம். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதன் பிறகு வழக்குகள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2018-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சிறப்பு அனுமதி, 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு தெரிவித்த எதிர்ப்பு என்று ஆண்டுகள் ஓடின. மலைக்குள் ஒரு தகடும் போகவில்லை. ஆனால் அந்த இரும்பின் ஊடாக ஆயிரம் ஆண்டுகளுக்கான நியூட்ரினோக்கள் ஏற்கெனவே கடந்துபோய்விட்டன, கணினிக்குள்.

ஐகால் என்பது அந்தக் கருவியின் பெயர். மூன்று கூறுகள். ஒவ்வொன்றும் 16 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 14.5 மீட்டர் உயரம். 5.6 சென்டிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடுகள் 151 அடுக்கு. இரண்டு அடுக்குக்கும் இடையே 4 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிகளில் ஏறத்தாழ 29,000 கண்ணாடி உணரிகள். இவ்வளவும் நிரலாக எழுதப்பட்டு, அதன் வழியே நியூட்ரினோக்கள் செலுத்தப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளில் என்ன நடக்கும் என்று கணக்கிட்டு, அதைப் பத்து ஆண்டுகளுக்குச் சுருக்கினால் தற்செயல் ஏற்ற இறக்கங்கள் அடங்கிவிடும் என்பதற்காக இந்த வழி. நியூட்ரினோ நிறைகளின் வரிசையைப் பத்தாண்டு ஓட்டத்தில் சுமார் மூன்று சிக்மா உறுதியோடு சொல்ல முடியும் என்ற முடிவு இப்படிக் கிடைத்தது. 2015-இல் வெளியாகி 2017-இல் பிரமாணா இதழில் அச்சான ஐகால் குழுவின் வெள்ளை அறிக்கை முழுவதும் இந்தக் கணக்குகள்தான்.

இன்றைக்கு ஐகால் என்று ஒன்று இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் நிரல்தான். மதுரையில் 2018 முதல் இயங்கும் 85 டன் மினி-ஐகால் மட்டும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது. மலையைக் குடைய வேண்டுமா கூடாதா என்பதில் கம்பம் பள்ளத்தாக்கில் வலுவான கருத்துகள் உண்டு. நீர், காடு, முல்லைப் பெரியாறு என்று ஊர் மக்கள் எழுப்பிய கேள்விகளை நான் மதிக்கிறேன். அந்த வழக்கு எந்தப் பக்கம் முடிந்தாலும், இந்த மாவட்டத்தின் பேரில் செய்யப்பட்ட அறிவியலை நாளைக்கு ஒருவர் சரிபார்க்க முடிய வேண்டும். அது முடியுமா என்பது ஒரு பொருளைப் பொறுத்திருக்கிறது. அந்தப் பொருளின் பயணத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஐகால் கணிப்பில் மூன்று பெரிய நிரல்கள் வேலை செய்தன. நியூட்ரினோ ஓர் அணுக்கருவோடு மோதினால் என்ன வெளிவரும் என்று சொல்வது நுவான்ஸ். அது ஃபோர்ட்ரானில் எழுதியது. வெளிவந்த மியூவான் என்ற துகள் இரும்புக்குள் எப்படி வளையும், எங்கே ஆற்றலை இழக்கும் என்று அடியடியாகப் பின்தொடர்வது செர்ன் ஆய்வகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த ஜியான்ட்4, அது சி++. விளைவுகளைச் சேமித்து வரைபடமாக்குவது 1995-இல் தொடங்கிய ரூட், அதுவும் சி++. மனிதர் வாசிக்கும் இந்த எழுத்தை இயந்திரம் ஓட்டும் எண்களாக மாற்றுவது கம்பைலர். லினக்ஸ் ஓடும் ஆய்வகங்களில் அந்தக் கம்பைலர் பெரும்பாலும் ஜிசிசி.

ஜிசிசி பிறந்த கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. எல்லோரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் அறிவித்தார். கம்பைலருக்காக லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் எழுதப்பட்ட பாஸ்டல் என்ற நிரலை எடுத்துப் பார்த்தார். அது நிரல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும்; அன்றைய கணினிகள் அவ்வளவு இடம் தரவில்லை. அதைக் கைவிட்டு, தாமே புதிதாக எழுதினார். 1987-இல் முதல் வெளியீடு வந்தது. அதே ஆண்டு மைக்கேல் டீமன் சி++ மொழிக்கான பகுதியைச் சேர்த்தார். காந்த நாடாவிலும் எஃப்டிபி வழியாகவும் அது பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போனது. 1997-இல் வளர்ச்சி வேகம் போதவில்லை என்று ஒரு குழு பிரிந்து ஈஜிசிஎஸ் என்ற பெயரில் தனியே நடந்தது. 1999-இல் அந்தக் கிளையே தாய்மரமாகி, ஜூலையில் 2.95 பதிப்பு வெளிவந்தது. இந்தப் பதிப்பு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மறுபடி வரும்.

அதற்குப் பின் ஆய்வாளர்களுக்கு ஒவ்வொரு பதிப்பிலும் ஏதாவது மாறிக்கொண்டே இருந்தது. 2005-இல் 4.0 வந்தபோது பழைய ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜி77 போய், ஜிஃபோர்ட்ரான் வந்தது. பழைய இயற்பியல் நிரல்கள் பலவற்றைத் தொட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. 2013-இல் வந்த 4.8, தானே சி++ மொழியில் எழுதப்பட்டது. 2015-இல் வந்த 5-ஆம் பதிப்பில் எழுத்துச்சரங்களை நினைவகத்தில் வைக்கும் முறை மாறியது. ஒரு நூலகத்தைப் பழைய முறையிலும் இன்னொன்றைப் புதிய முறையிலும் கட்டியிருந்தால் இரண்டும் இணைய மறுக்கும். ரூட்டையும் ஜியான்ட்4-ஐயும் ஒரே கம்பைலரால், ஒரே சி++ தரநிலையில் கட்டுங்கள் என்று ஆய்வு மாணவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

மூலநிரலிலிருந்து கட்ட வேண்டிய அவசியம் பல நேரம் இப்படித்தான் வந்து சேர்கிறது. ஆய்வக சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 ஓடும். அதனோடு வரும் ஜிசிசி 4.8.5. ஜியான்ட்4-இன் 11-ஆம் பதிப்போ சி++17 கேட்கும். சர்வரில் நிர்வாகி உரிமை மாணவருக்குக் கிடையாது. ஆகவே தன் கணக்குக்குள்ளேயே புதிய ஜிசிசியை மூலத்திலிருந்து கட்டி, அதைக்கொண்டு சிமேக், அதைக்கொண்டு ரூட், பிறகு ஜியான்ட்4, அதற்கான தரவுக் கோப்புகள் என்று மேலே மேலே போக வேண்டும். கருவிகளின் இந்த வரிசைக்கு டூல்செயின் என்று பெயர். இதைக் கட்டுவதில் போன வாரங்களைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு வரிகூட இருக்காது. எனக்கு இது வருத்தமான விஷயம். எந்த ரசாயனத்தை எந்த அளவில் சேர்த்தோம் என்று எழுதாத வேதியியல் ஆய்வேட்டை எந்தத் தேர்வாளரும் ஏற்க மாட்டார்.

சரி, ஜிசிசியை மூலத்திலிருந்து கட்டுகிறோம். எதைக்கொண்டு? இன்னொரு ஜிசிசியைக் கொண்டு. அதை அதற்கு முந்தையதைக் கொண்டு. வீட்டில் தயிர் தோய்ப்பதற்கு நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை வேண்டும். அந்தத் தயிருக்கு அதற்கு முந்தைய நாள் உறை. கம்பைலரும் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஜிசிசியின் கட்டுமானமே தன்னை மூன்று முறை கட்டிக்கொள்ளும்: முதலில் கிடைத்த கம்பைலரால், அடுத்து அப்படி வந்த ஜிசிசியால், மூன்றாவதாக அந்த இரண்டாம் ஜிசிசியால். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கும். அருமையான சோதனைதான். ஆனாலும் முதல் உறையில் கோளாறு இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன் இதை 1984-இல் அச்சான தம் டூரிங் விருது உரையில் காட்டினார். உள்நுழைவு நிரலைத் தொகுக்கும்போது கள்ளச் சாவி ஒன்றைச் செருகும்படி கம்பைலரை மாற்றலாம். கம்பைலரைத் தொகுக்கும்போது இதே தந்திரத்தையும் செருகும்படி செய்துவிட்டால், பிறகு மூலநிரலிலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். மூலநிரலை வரிவரியாகப் படித்தாலும் ஒன்றும் தெரியாது. தொகுத்து வந்த பைனரிக்குள் அது உயிரோடு இருக்கும், அடுத்த தலைமுறைக்கும் போகும். டேவிட் வீலர் இதற்கு ஒரு மாற்றை 2009-இல் தம் முனைவர் ஆய்வேட்டில் முழுமையாக நிறுவினார்: சம்பந்தமில்லாத இரண்டாவது கம்பைலர் ஒன்றால் தொகுத்துப் பார்த்து ஒப்பிடுவது. அது சந்தேகத்தைத் தீர்க்கும். ஆனால் முதல் உறை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தீர்க்காது.

உறை இல்லாத வீட்டில் மிளகாய்க் காம்பைப் போட்டுத் தோய்ப்பார்கள் அல்லவா? கணினியில் அந்தக் காம்பைத் தேடிப் போனவர்கள் சிலர் உண்டு. ஜெரமையா ஓரியன்ஸ் தொடங்கிய ஸ்டேஜ்0 திட்டமும், யானெக்கே நியூவென்ஹாய்ஸன் எழுதிய மெஸ் என்ற நிரலும், கீக்ஸ் என்ற பொதி மேலாண்மை அமைப்பும் இதில் ஒன்றுசேர்ந்தன. கீக்ஸ் 2012-இல் லுடோவிக் கூர்டெஸ் அறிவித்தது. தொடக்கத்தில் அதற்கு ஏறத்தாழ 250 மெகாபைட் ஆயத்த பைனரிகள் உறையாகத் தேவைப்பட்டன. ஆண்டுக்கு ஆண்டு அதைக் குறைத்துக்கொண்டே வந்து, 2023 ஏப்ரலில் எட்டிய இடம் 357 பைட்.

357 பைட் எவ்வளவு சிறியது? யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகும். ஆகவே 119 குறியீடுகள். இந்தப் பத்தியே அதைத் தாண்டிவிட்டது.

ஹெக்ஸ்0 என்ற அந்த நிரல் செய்வது ஒரே வேலை. பதினாறடிமான எண்களை வாசிக்கும், குறிப்புரைகளைத் தள்ளும், இரண்டிரண்டு இலக்கங்களை ஒரு பைட்டாக்கி எழுதும். அதன் மூலநிரலும் அதே எண்கள்தான், பக்கத்திலேயே விளக்கக் குறிப்போடு. பொறுமையுள்ள ஒருவர் செயலியின் கையேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டும் என்ன கட்டளை என்று உட்கார்ந்து சரிபார்க்க முடியும். மறைக்க இடமே இல்லாத அளவுக்குச் சிறியது என்பதுதான் அதன் பலம்.

அங்கிருந்து ஏற்றம் தொடங்குகிறது. ஹெக்ஸ்0, ஹெக்ஸ்1 என்ற சற்றே வசதியான நிரலைக் கட்டும், அது ஹெக்ஸ்2-ஐ. பிறகு மிக எளிய அசெம்ப்ளர். பிறகு சி மொழியில் கொஞ்சத்தை மட்டும் புரிந்துகொள்ளும் ஒரு கம்பைலர். அதிலிருந்து எம்2-பிளானட். எம்2-பிளானட் கட்டுவது மெஸ்; அதற்குள் ஸ்கீம் மொழியில் எழுதப்பட்ட ஒரு சி கம்பைலர் இருக்கிறது. அது கட்டுவது ஃபாப்ரீஸ் பெல்லார் எழுதிய டைனிசிசியின் திருத்திய வடிவத்தை. டைனிசிசி கட்டுவது ஜிசிசி 2.95.3.

இருபதாண்டுக்கு மேல் பழைய பதிப்பு எதற்கு? புதிய ஜிசிசிகளைக் கட்ட சி++ கம்பைலர் வேண்டும். அது இந்தப் படியில் கையில் இல்லை. வெறும் சி கம்பைலரை வைத்துக் கட்டக்கூடிய பழைய ஜிசிசி ஒன்று வேண்டியிருக்கிறது. 2.95-இலிருந்து 4.6.4, அதிலிருந்து 4.9.4, பிறகு இன்றைய பதிப்பு வரை. 1999-இல் மூலநிரலைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர்களால்தான் 2023-இல் இந்தப் படி கிடைத்தது. மூலநிரலைப் பாதுகாப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கெர்னலையும், கட்டுமானத்தை நடத்தும் கைல் என்ற மொழியின் ஆயத்த பைனரியையும் இந்த வழியில் இன்னும் நம்பித்தான் ஆக வேண்டும் என்று கீக்ஸ் குழுவினர் தாங்களே எழுதியிருக்கிறார்கள். நேர்மையான வேலைக்கு அதுவே அடையாளம்.

இதே மாவட்டத்தின் ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டு மேசைக் கணினியில் இந்த ஏற்றத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். ஆயத்த பைனரி எதையும் வாங்கிக்கொள்ளாதே என்று கட்டளையிட்டால் கீக்ஸ் அடியிலிருந்து ஆரம்பிக்கும். தொடக்கப் படிகள் கண் மூடித் திறப்பதற்குள் முடிகின்றன. மெஸ் டைனிசிசியைக் கட்டும் இடத்தில் நிதானம் வந்துவிடும். ஸ்கீம் மொழி எழுத்துக்கு எழுத்து யோசித்து நகர்வது போலத் திரையில் ஒன்றுமே தெரியாது. ஜிசிசி படிகள் வந்ததும் விசிறி முழு வேகத்தில் சுற்றும். இடையே மின்சாரம் போனாலும் பழுதில்லை, முடிந்த படிகள் வட்டில் தனித்தனியாக இருக்கும். விட்ட படியிலிருந்து தொடரும். பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, “ஏப்பா, இது ரெடிமேடாவே கிடைக்கும்ங்கிற. அப்புறம் எதுக்கு ராத்திரி பூரா ஓட்டிக்கிட்டு இருக்க?” என்றார். “ரெடிமேடுக்குள்ள என்ன இருக்குன்னு அவங்க சொல்றதைத்தான் நம்பணும் பெரியப்பா. இதுல நாமளே பாத்துக்கலாம்” என்றேன்.

நாமே பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. கட்டி முடித்த ஒவ்வொரு பொதிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹாஷ் எண் கணக்கிடலாம். கீக்ஸ் குழுவின் கட்டுமான சர்வர்களில் ஒரு பகுதி பெர்லினில் மாக்ஸ் டெல்புருக் மையத்தில் இருக்கிறது. அங்கே கட்டியதன் ஹாஷும் இங்கே கட்டியதன் ஹாஷும் ஒன்றாக இருந்தால், வராக நதிப் பக்கத்து ஜெயமங்கலத்தில் பிறந்த கம்பைலரும் பெர்லினில் பிறந்த கம்பைலரும் ஒரு பிட் பிசகாமல் ஒன்று. யாருடைய வாக்குறுதியும் தேவையில்லை. எல்லாப் பொதிகளும் இப்படி ஒத்துப்போவதில்லை. கட்டிய நேரத்தைத் தனக்குள் பதிந்துவைக்கும் நிரல், கோப்புகளை வட்டு கொடுத்த வரிசையில் அப்படியே எடுத்துக்கொள்ளும் நிரல், கட்டிய கணினியின் பெயரை உள்ளே எழுதிக்கொள்ளும் நிரல் எல்லாம் ஒவ்வொரு முறையும் வேறுவேறாக வரும். 2013-இல் டெபியன் லினக்ஸ் ஆர்வலர்கள் தொடங்கிய மறுகட்டுமான இயக்கம் இந்தக் காரணங்களைத் தேடித்தேடித் திருத்திவருகிறது.

கோப்புகளின் வரிசை அற்பக் காரணமாகத் தோன்றும், ஆனால் அப்படியல்ல. 2014-இல் வேதியியலாளர்கள் வெளியிட்ட ஒரு பைத்தான் நிரல், மூலக்கூறுகளின் காந்த ஒத்ததிர்வுக் கணக்குக்குப் பலராலும் பயன்படுத்தப்பட்டது. கோப்புகள் பெயர் வரிசைப்படி வரும் என்று அது எண்ணிக்கொண்டது. சில இயங்குதளங்களில் அப்படி வரவில்லை. ஒரே தரவு, ஒரே நிரல், கணினிக்கு ஒரு விடை. ஹவாய் பல்கலைக்கழகத்தார் 2019-இல் இதைக் கண்டுபிடித்தபோது, 150-க்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம் என்று தெரிந்தது.

ஐகால் போன்ற கணிப்பில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஜியான்ட்4 ஒரு மியூவானை இரும்புக்குள் அடியடியாக நகர்த்தும்போது ஒவ்வோர் அடியிலும் தற்போக்கு எண்களை எடுத்து, மடக்கை, படிக்குறி, சைன் போன்ற சார்புகளைக் கணக்கிடும். அந்தச் சார்புகளில் பல ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்திலிருந்து வருகின்றன. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28-இல் மடக்கையும் படிக்குறியும் புதிதாக எழுதப்பட்டன. வேகம் கூடியது. ஆனால் சில விடைகளின் கடைசி இலக்கம் மாறும். அதேபோல, பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைக்க ஜிசிசியை அனுமதித்தால் ஒரு முறை முழுமையாக்குவது குறையும். அங்கும் கடைசி இலக்கம் மாறும். கடைசி இலக்கத்தில் நேர்ந்த அந்த மாற்றம் ஏதோ ஓர் அடியில் “இங்கே சிதறு” என்பதை “சிதறாதே” என்று ஆக்கிவிட்டால் போதும். அதற்குப் பின் தற்போக்கு எண்களின் வரிசையே தள்ளிப்போய், அடுத்து வரும் மியூவான்களின் பாதைகளும் வேறாகிவிடும். சராசரிகள் ஒத்துப்போகும். ஆனால் ஆய்வேட்டில் படம் போட்டுக் காட்டிய அந்த ஒரு நிகழ்வை மறுபடி கொண்டுவர முடியாது. புதிதாக வரும் மாணவர், தன் விடை மாறியதற்குக் காரணம் தன் பிழையா, நூலகமா, கம்பைலரா என்று தெரியாமல் மாதக்கணக்கில் தவிப்பார். கருவிச் சங்கிலி அப்படியே கையில் இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரே நாளில் பதில் கிடைக்கும்.

பழைய பதிவு நிலைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. ஜெயமங்கலத்திலிருந்து வடமேற்கே தெரியும் மலைத்தொடரின் மேலே கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் பதிந்த அந்தப் படங்கள் நூறாண்டுக்குப் பிறகும் வாசிக்கத் தக்கவையாக இருந்ததால், அவற்றை எண்ணிமமாக்கி உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட முடிந்தது. சூரியப் புள்ளிகளின் ஒரு நூற்றாண்டு வரலாறு நமக்கு அப்படித்தான் கிடைத்தது. ஒளியில் பிடித்தால் தகட்டில் உள்ளது தெரியும். நிரலோ, அதை இயங்கவைக்கும் கருவிகள் மறைந்த அன்றே வாயை மூடிக்கொள்கிறது.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1979 முதல் 1986 வரை ஓடிய ஜேட் சோதனைக்கு இது நேர்ந்தது. பத்தாண்டுக்குப் பிறகு, வலிமையான அணுக்கரு விசையைப் பற்றிய புதிய கோட்பாட்டுக் கணக்குகள் வந்தபோது அந்தப் பழைய ஆற்றல் மட்டத்தின் தரவு மறுபடி தேவைப்பட்டது. வேறு எந்தச் சோதனையும் அதைத் தர முடியாது. தரவு நாடாக்களைத் தேடிப்பிடித்தார்கள். அந்தக் காலப் பெருங்கணினிக்காக எழுதிய ஃபோர்ட்ரானையும் அதன் கிளைமொழிகளையும் புதிய கணினியில் ஓடவைக்கப் பெரும்பாடு பட்டார்கள். துகள் மோதல்களின் அளவைச் சொல்லும் லூமினாசிட்டி அட்டவணை அச்சிட்ட தாளில்தான் எஞ்சியிருந்தது; அதை மறுபடி தட்டச்சு செய்தார்கள். ஸீக்ஃப்ரீட் பெத்கெ முதலியோரின் விடாமுயற்சியால் அந்தத் தரவு மீண்டது. அதிலிருந்து புதிய கட்டுரைகளும் வந்தன. ஒவ்வொரு சோதனைக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பியிருக்க முடியாது.

நமக்கும் ஒரு முன்கதை உண்டு. வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்த இரண்டு இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம், ஆண்டு 1965. அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. இனி அந்த ஆழத்துக்குப் போய் அதே சோதனையைச் செய்ய வழியில்லை. இருப்பது எழுதிவைத்தவை மட்டுமே. ஐகாலுக்கு அந்த இடமும்கூட இன்னும் அமையவில்லை. எழுதிவைத்தவை மட்டுமே தொடக்கத்திலிருந்து அதன் உடம்பு.

வழி இன்று இருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஈஸிபில்டு, லாரன்ஸ் லிவர்மோரில் டாட் காம்ப்ளின் தொடங்கிய ஸ்பாக், ஈல்கோ டோல்ஸ்ட்ராவின் நிக்ஸ், அதன் வழிவந்த கீக்ஸ் எல்லாமே கட்டுமானத்தை ஒரு செய்முறைக் கோப்பாக எழுதவைப்பவை. ஸ்பாக்கில் ரூட்டுக்கும் ஜியான்ட்4-க்கும் செய்முறைகள் ஆயத்தமாகவே உண்டு. பெரிய கணினி மையங்களுக்கு அது பொருந்தும். பத்தாண்டு கழித்தும் அதே பிட்டுகள் வேண்டும் என்றால் நான் கீக்ஸைத்தான் சொல்வேன். அதில் குறிப்பிட்ட ஒரு நாளின் மொத்தப் பொதித் தொகுப்பையும் ஒற்றை அடையாள எண்ணால் சுட்டலாம். பிறகொரு நாள் அந்த எண்ணைக் கொடுத்தால் அதே கம்பைலரும் அதே நூலகங்களும் மறுபடி எழும். மூலநிரல் இருந்த தளம் மறைந்துபோயிருந்தால் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் களஞ்சியத்தில் தேடி எடுக்கும். பிரான்ஸின் இன்ரியா நிறுவனம் 2016-இல் அறிவித்து, யுனெஸ்கோவின் துணையோடு நடக்கும் அந்தக் களஞ்சியம் உலகத்து மூலநிரல்களைச் சேர்த்துவைக்கிறது. நிரலையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் ஒரே பொட்டலமாக்கும் கன்டெய்னர் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஓடவைக்க அது போதும். உள்ளே இருப்பது எப்படி வந்தது என்று கேட்டால் அது பதில் சொல்லாது. மாற்றிக் கட்டிப் பார்க்கவும் விடாது.

மூலநிரல் என்று பெயரிட்டு வரும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் ஆபத்துதான். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் நூலகத்தில் பின்கதவு ஒன்றை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டு கண்டுபிடித்தார். அதைத் தூண்டிவிடும் வரி, வெளியீட்டுக்காகக் கட்டிய பொதிக்குள் மட்டும் இருந்தது. எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. பொதியும் களஞ்சியமும் ஒன்றுதானா என்று யாராவது ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கக்கூடும்.

ஐகால், மினி-ஐகால் கணிப்புகளில் உழைத்த, உழைக்கிற ஆய்வு மாணவர்களிடமும் அவர்களின் வழிகாட்டிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டின் பின்னிணைப்பாகக் கம்பைலரின் பதிப்பு, ஜிலிப்சியின் பதிப்பு, கட்டியபோது கொடுத்த தெரிவுகள், ஜியான்ட்4-இன் தரவுக் கோப்புகளின் பதிப்புகள், தற்போக்கு எண்ணின் தொடக்க விதை, ஒரு சிறு சோதனை ஓட்டத்தின் விடையும் அதன் ஹாஷும் ஆகியவற்றைச் சேருங்கள். முடிந்தால் கட்டுமானச் செய்முறைக் கோப்பையே சேருங்கள். பழைய ஆய்வேடுகளுக்கும் இதைச் செய்யலாம்; எழுதியவர்கள் பணியில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும், ஏனென்றால் எந்த நூலகத்தை எதற்காகத் தொட்டுத் திருத்தினோம் என்பது பெரும்பாலும் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கணிப்பு சார்ந்த ஆய்வேடுகளுக்கு இந்தப் பின்னிணைப்பைக் கட்டாயமாக்கலாம். பொதுவெளியில் உள்ள மூலநிரலைச் சாஃப்ட்வேர் ஹெரிடேஜில் சேர்க்கக் கட்டணம் ஏதும் கிடையாது.